போடிக்கு வந்த பவளம்

என் அப்பா இருபத்தெட்டு வருடம் கடலோரத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது ஒரு தகரப் பெட்டியும் ஒரு கண்ணாடித் தொட்டியும் கொண்டுவந்தார். எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். மதுரையிலிருந்து போடி வரும் ரயிலில் தொட்டியைச் சாக்கில் சுற்றி, இண்டு இடுக்கெல்லாம் வைக்கோல் திணித்து, சீட்டை அதற்குக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்து வந்திருந்தார். நான் ஸ்டேஷனுக்கு ஜீப்பு கொண்டுபோயிருந்தேன். என்னைப் பார்த்ததும், "மெதுவா எறக்கு, விளிம்பைப் புடிக்காத" என்றார். ஆறு மாதம் கழித்து மகனைப் பார்த்தவர் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அங்கேயே எரிந்தது.

அவர் வேலை பார்த்தது ஒரு கடல் ஆராய்ச்சிக்கூடத்தில். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. படித்தவர்கள் வைத்திருந்த தொட்டிகளைக் கழுவுவது, கடல்நீர் மாற்றுவது, மீனுக்கும் பவளத்துக்கும் தீனி வைப்பது, இவைதான் அவர் சோலி. சித்திரைக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். மற்ற நாட்களில் எங்களுக்கு அவர் மணியார்டர் ஃபாரத்தின் அடியில் இரண்டு வரி. மலைச்சரிவில் இருந்த எங்கள் ஏலத்தோட்டத்தை அம்மா பார்த்தாள், அப்புறம் நான் பார்த்தேன்.

அம்மாவுக்கு ஒரே ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. "அடுத்த லீவுக்கு" என்று அவர் சொல்லிச் சொல்லியே அவள் காலம் முடிந்துவிட்டது. சேதி கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தோம். அதனால், அம்மா படுத்திருந்த முன்னறையில் கிழக்குச் சன்னல் ஓரமாக அவர் அந்தத் தொட்டியை வைத்தபோது, தூக்கித் தெருவில் போட்டுவிடலாமா என்று இருந்தது. போடவில்லை. வாய்விட்டு ஒன்றும் சொல்லவும் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவே பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

தொட்டி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு மண்ணெண்ணெய் டின் தண்ணீர் பிடிக்கும். அடியில் துளை போட்ட பலகை, அதன்மேல் பவளச் சரளை, ஓரத்தில் ஓயாமல் குமிழி விடும் ஒரு சின்ன மோட்டார். கடல்நீர் மீன் லோடு வண்டியில் வரும். கிழக்குக் கரையிலிருந்து போடி மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிவரும் லாரி அது. அப்பாவோடு வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் இரண்டு வெள்ளைக் கேன்களில் தண்ணீர் பிடித்து டிரைவரிடம் கொடுத்துவிடுவார். மீன்கடை பாய் அதை இறக்கி வைத்துவிட்டு, "ஒங்கப்பாவோட கடல் வந்திருக்கு மாப்ளே, வெரசா எடுத்துட்டுப் போங்க, எடத்தை அடைக்குது" என்று ஆள் அனுப்புவார். கடைவீதி முழுக்க அது ஒரு கேலியாகிவிட்டது. மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்குக் காத்து நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர், அப்பா எப்போது கப்பல் விடப்போகிறார் என்று என்னைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

ஒன்றரை மாதம் தொட்டியில் வெறும் தண்ணீரும் கல்லும்தான் இருந்தன. அதற்கே அவர் நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு சிநேகிதர் லாரியிலேயே நேரில் வந்து, ஒரு மூடி போட்ட வாளியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் அரைமூடித் தேங்காய் அளவில் ஒரு கல் இருந்தது. பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், மேலெல்லாம் வளைந்து வளைந்து போகும் பள்ளங்கள். மூளைப் பவளம் என்றார்கள். கூடவே கோடு போட்ட சின்ன மீன்கள் இரண்டு, கண்ணாடியை மேய்வதற்கு நாலைந்து கடல் நத்தைகள்.

அது கல் இல்லை, உயிர் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே பல நாள் ஆயிற்று. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தப் பள்ளங்களிலிருந்து பொடிப்பொடியாக விரல்கள் வெளியே வரும். அப்பா இறாலை அம்மியில் மசித்து, கண்ணுக்கு மருந்து விடும் குழாயால் உறிஞ்சி, அந்த விரல்களின்மேல் சொட்டு விடுவார். விரல்கள் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு இரண்டு தடவைதான் இந்தத் தீனி. மற்றபடி காலை வெயில் போதும் அதற்கு. ஆவியாகித் தண்ணீர் குறைந்தால், கண்ணாடியில் அவர் இழுத்துவைத்திருந்த சிவப்புக் கோடு வரைக்கும் மழைத்தண்ணீர் ஊற்றுவார். உப்பு ஆவியாவதில்லை, தண்ணீர்தான் போகிறது என்பதால் கடல்நீர் ஊற்றக்கூடாதாம். இதைக்கூட அவர் எனக்குச் சொல்லவில்லை. என் மனைவி கேட்டாள், அவளிடம் சொன்னார். அவள் கேட்டால் சொல்வார். நான் கேட்டதில்லை.

ஒரு நாள் அவர் கடைக்குப் போயிருந்தபோது ஒரு மீன் கல்லிடுக்கில் சிக்கியதுபோல் இருந்தது. எடுத்துவிடலாம் என்று நான் கையை விடப் போனேன். அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார்.

"காப்பைக் கழட்டு" என்றார்.

உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று நான் அப்போது செம்புக் காப்பு ஒன்று போட்டிருந்தேன். ஏன் கழற்ற வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஏன் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அவர் வீட்டுக் கல்லை நான் தொட்டால் தீட்டுப்பட்டுவிடுமோ என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, கையை விடாமலேயே நகர்ந்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்.

அடுத்த பங்குனியில் ஒரு காலை, கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் அப்படியே முட்டிபோட்டுச் சரிந்தார். மதுரைக்குக் கொண்டுபோனோம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். வலது கை, வலது கால் இரண்டும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. தொண்டையிலிருந்து ஒரே ஒரு முனகல்தான் வரும், எதற்கும் அதே முனகல். தலையை ஆட்டி ஆமாம், இல்லை சொல்லவும் அவரால் முடியவில்லை. இடது கை மட்டும் வேலை செய்தது. எழுதச் சொல்லி அந்தக் கையில் பென்சில் கொடுத்தோம். கிறுக்கல் எழுத்தாகவில்லை. பென்சிலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

நாங்கள் மதுரையில் இருந்த நாட்களில் என் மனைவிதான் தொட்டியைப் பார்த்துக்கொண்டாள். சிவப்புக் கோடு வரை மழைத்தண்ணீர், வாரம் இரண்டு தீனி, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது எல்லாம் நன்றாகவே இருந்தது.

இரும்புக் கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்டு அவரைப் படுக்கவைத்தோம். இரண்டாம் நாளே ஒன்று தெரிந்துபோயிற்று. தொட்டி பக்கம் முகம் இருந்தால்தான் கஞ்சி இறங்கும். புரட்டி மறுபக்கம் படுக்கவைத்தால் வாயை இறுக மூடிக்கொள்வார். போடியில் எங்களுக்குப் பழக்கமான டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "அவருக்குப் பார்க்க ஏதோ ஒண்ணு இருக்கு. அது இருக்கட்டும். மனசு விட்டுப்போச்சுன்னா மருந்தால நிறுத்த முடியாது" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கல் சாகாமல் இருக்க வேண்டியது என் பொறுப்பு என்று எனக்குள் ஏறிவிட்டது. என் மனைவி மழைத்தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, "அது ஒன் சோலி இல்ல, நான் பாத்துக்கிறேன்" என்றேன். மகன் கடமையாம். இருபத்தெட்டு வருடம் பேசாததையெல்லாம் ஒரு தொட்டியைக் கழுவிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

முதலில் தீனியை அதிகமாக்கினேன். வாரம் இரண்டு தடவை என்பது எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. மலையிலிருந்து இறங்கியதும் தினமும் சாயங்காலம் இறால் மசித்துச் சொட்டு விட்டேன். அப்படி விட்ட மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அப்பா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். டக், டக் என்று இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு. நான் குழாயை வைத்துவிட்டு ஓடி, டம்ளரில் தண்ணீர் எடுத்து வாயில் வைத்தேன். குடித்தார். தட்டுவதை நிறுத்தினார். எனக்குப் பெரிய சந்தோஷம். "தண்ணி கேக்கத் தெரிஞ்சிருச்சு" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதிலிருந்து தட்டினால் தண்ணீர் என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது.

வைகாசி கடைசியில் பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் பழுப்புத் தூசு. துடைத்தால் போயிற்று. பிறகு சரளையில் பச்சைத் திட்டு. பிறகு கல்லில், குழாயில், எங்கே பார்த்தாலும் முடி முடியாகப் பச்சை. நத்தைகள் மேய்ந்து தீரவில்லை. நான் காலையில் ஜீப்பு ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை, இறங்கி வந்ததும் ஒரு தடவை சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட அடுத்த நாள் கூடுதலாக வந்தது. தின்னாமல் விட்ட இறால் சரளைக்குள் அழுகி, அதுதான் பாசிக்கு உரமாகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோட்டத்துக்கு உரம் போடுகிறவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

பாசி நகர்ந்து பவளத்தின் ஓரத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில் பவளத்தின் சதை சுருங்கிப் பின்வாங்கியது. விரல்நகம் அளவு ஒரு வெள்ளை விளிம்பு தெரிந்தது. அப்பா அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு கிடப்பார். தண்ணீர் மாற்றலாம் என்றால் ஆனி முழுக்க மீன் லோடு ஒழுங்காக வரவில்லை, வந்த லாரியிலும் கேன் இல்லை. சிநேகிதருக்கு உடம்பு சரியில்லை என்று டிரைவர் சொன்னார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏலம். ஏலச் செடி வாடினால் முதலில் நிழலைப் பார்ப்போம். மேலே மரக்கிளை குறைந்திருந்தால் வெயில் தின்றுவிடும். இந்தக் கல்லுக்கும் வெயில் கூடிப்போய்விட்டது, பாசியும் வெயிலுக்குத்தான் வளர்கிறது என்று முடிவு பண்ணி, கிழக்குச் சன்னலில் சணல் சாக்கைத் தொங்கவிட்டேன். அறை இருண்டது. நான் ஆணி அடித்து முடிப்பதற்குள் கட்டில் கம்பியில் தட்டல் கேட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடி கொடுத்தேன். வெக்கைக்குத் தாகம் அதிகமாக எடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அன்றைக்கு வெளியே சாரல்.

மூன்று வாரத்தில் பாசி கொஞ்சம் சோர்ந்தது. பவளமோ நன்றாகவே வெளுத்துவிட்டது. பச்சை போய்ப் பழுப்பும் போய், கழுநீர் நிறத்துக்கு வந்தது. சாயங்காலம் விரல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெளியே வந்தன. "வெயில் இல்லாமத்தான் இப்படி ஆகுது. மாமா காலையில அதை வெயில்ல வைக்கத்தான் இந்தச் சன்னலையே புடிச்சாரு" என்றாள் மனைவி. சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். அவள்மேல் கோபம். அவள் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கோபம். வெயில் திரும்பியதும் பாசி முன்னைவிட இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

அப்பாவுக்குக் கஞ்சி பாதியாகக் குறைந்திருந்தது.

ஆடியில் தோட்டத்தில் அழுகல் விழும் காலம். மலையில் மழை விடாமல் நிற்கும்போது ஏலச் செடியின் தூரும் காயும் அழுகும். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிப்போம். துத்தம் தனியாகப் பட்டால் செடி கருகிவிடும், சுண்ணாம்பு சேர்ந்தால் அதன் காரம் அடங்கிவிடும். கலவை சரியா என்று பார்க்க ஒரு கத்தியை முக்கி எடுப்போம். அலகில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். ஏறாவிட்டால் பயமில்லாமல் தெளிக்கலாம்.

அந்த வேலை நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், எங்கள் கங்காணியிடம் பாசிக் கதையைச் சொல்லிப் புலம்பினேன். அவர் தேவாரத்துக்காரர், பாதி வயது கேரளாப் பக்கத் தோட்டங்களில் கழித்தவர்.

"இதுக்கா அண்ணே இப்படி வதங்குறீக? எஸ்டேட்டுல தண்ணித்தொட்டி பாசி புடிச்சா என்ன செய்வோம்? துத்தத்தைத் துணியில முடிஞ்சு ரெண்டு சுத்து இழுத்தா நாலு நாள்ல கண்ணாடி மாதிரி ஆயிரும். ஒண்ணும் ஆகாது கேட்டோ."

"மீனு கெடக்கு, அந்தக் கல்லுக்கு உசுரு இருக்கு."

"தண்ணித்தொட்டியில தவளை கெடக்குது. அது என்ன செத்தா போச்சு?"

இறங்கி வரும் வழியெல்லாம் ஜீப்பில் யோசித்துக்கொண்டே வந்தேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. துத்தத்துக்கு மாற்று சுண்ணாம்பு. பவளம் என்பதே சுண்ணாம்புக் கல். அடியில் கிடக்கும் சரளையும் சுண்ணாம்பு. அப்படியானால் அந்தத் தொட்டிக்குள் துத்தத்தின் காரம் தானாகவே அடங்கிவிடும், பாசி மட்டும் சாகும். கடலைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம், துத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா? அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் தொட்டியை என் மலைத் தொழிலை வைத்துக் காப்பாற்றப்போகிறேன் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றவில்லை. தோட்டத்திலிருந்து கொண்டுவந்த துத்தப் பொட்டலத்தைப் பிரித்து, நீலமாக ஒரு துண்டை எடுத்துத் துணியில் முடிந்தேன். அப்பா முழித்துத்தான் இருந்தார். அந்த நீலத்தைப் பார்த்தார். முனகல் வந்தது. நான் முடிச்சைத் தண்ணீரில் இறக்கி மெதுவாக இழுக்கத் தொடங்கினேன்.

கட்டில் கம்பியில் தட்டல் ஆரம்பித்தது. வழக்கமான இரண்டு தட்டு இல்லை. விடாமல் தட்டினார். கட்டிலே அதிர்ந்தது.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "ஏங்க, மாமா ஏதோ வேணாங்கிற மாதிரி இருக்கே?"

"தாகமா இருக்கும். தண்ணி கொண்டா."

"அவரு மொகத்தைப் பாருங்க."

"கொண்டான்னா கொண்டா."

கொண்டுவந்தாள். ஒரு கையில் முடிச்சோடு, மறுகையால் நான்தான் டம்ளரை அவர் வாயில் வைத்தேன். உதட்டை மூடிக்கொண்டார். தண்ணீர் மோவாயில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. "குடிங்கப்பா, எல்லாம் சரியாயிரும், இனிமே பாசியே வராது" என்றேன். என் முகத்தையே பார்த்தார். நான் டம்ளரை எடுக்கவில்லை. அப்புறம் வாயைத் திறந்து குடித்தார். தட்டல் நின்றது. இன்னொரு சுற்று இழுத்துவிட்டு, பேனாக்கத்தியைத் தொட்டிக்குள் முக்கி எடுத்துப் பார்த்தேன். அலகில் செம்பு ஏறவில்லை.

கங்காணி சொன்னபடியே நாலாம் நாள் தொட்டி பளிங்காக இருந்தது. முடிமுடியாக நின்ற பச்சை வெளுத்து உதிர்ந்து, குழாயால் உறிஞ்சி எடுத்ததும் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவ்வளவு தெளிந்த தண்ணீரை அப்பா நடமாடிய காலத்தில்கூட நான் பார்த்ததில்லை. சிலமலையிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "மகன் என்ன சுத்தமா வச்சிருக்கான் பாரு" என்று அவரிடமே சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நத்தைகள் முதல் நாளே கண்ணாடியிலிருந்து உதிர்ந்து கிடந்தன. தின்னப் பாசி இல்லை, அதனால் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். மீன்கள் இரண்டும் சுற்றிக்கொண்டிருந்தன. பவளம் மட்டும் அந்த முதல் நாள் சாயங்காலமே விரல் நீட்டவில்லை. மறுநாளும் நீட்டவில்லை. ஒரு வாரத்தில் அதன் தோல் சவ்வு சவ்வாகப் பிரிந்து தண்ணீரில் மிதந்தது. அழுகிய வாடை அறையிலிருந்து அடுப்படி வரைக்கும் வந்தது. சவ்வெல்லாம் போனபிறகு அடியில் சுத்தமான வெள்ளைக் கல், ஒவ்வொரு பள்ளமும் செதுக்கினதுபோலத் தெரிந்தது.

அப்பா தட்டுவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் கேட்பதும் நின்றுவிட்டதே என்று கவலைப்பட்டேன். தொட்டி பக்கம் படுக்கவைத்தாலும் கஞ்சி இரண்டு கரண்டிக்குமேல் இறங்கவில்லை. அந்த வெள்ளைக் கல்லை எடுத்துவிடலாமா என்று மனைவி கேட்டாள். எடுத்தால் அவர் என்ன பார்ப்பார் என்றேன். அது செத்துவிட்டது என்று வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. யாருக்குத் தெரியாமல் மறைத்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர்தான் நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாரே.

ஆவணியில் ஒரு நாள் காலை சிநேகிதர் மீன் லாரியில் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். இரண்டு கையிலும் கேன். வாசலிலேயே, "அண்ணே, தண்ணி கொண்டாந்துட்டேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு உள்ளே வந்தவர், தொட்டியைப் பார்த்ததும் கேன்களைக் கீழே வைத்தார். குனிந்து சரளையில் கிடந்த வெற்று நத்தைக் கூடுகளைப் பார்த்தார். மீன்களைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் என்னைக் கூட்டிப்போனார்.

"துத்தம் போட்டீகளா தம்பி?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மீன் கெடக்கு, நத்தையும் பவளமும் மட்டும் போயிருக்கு. துத்தத்துல இருக்கிற செம்புதான் அப்படிச் செய்யும். மீன் தாங்கும், இதுக தாங்காது."

சுண்ணாம்பு, கத்தி, அலகு என்று நான் என் கணக்கைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொல்றது செடிக்குச் சரியா இருக்கும். இதுக்குக் கத்தியில தெரியிற அளவெல்லாம் வேண்டாம் தம்பி. உங்கப்பா செம்பு மோதிரம் போட்ட ஆளைக்கூட எங்க தொட்டி ரூமுக்குள்ள விடமாட்டார். பெரிய ஆபீசரையே வாசல்ல நிறுத்தி, கழட்டச் சொன்னவர். உங்ககிட்ட சொன்னதில்லையா?"

சொன்னார் என்றேன். காப்பு அப்போதும் என் கையில்தான் இருந்தது.

முன்னறைக்குத் திரும்பினோம். சிநேகிதர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கத்துச் சேதியெல்லாம் சொன்னார். யார் ஓய்வு பெற்றார், யார் மகளுக்குக் கல்யாணம், எந்தப் பக்கம் கரை அரித்துவிட்டது. அப்பாவின் கண் அவர்மேலேயே இருந்தது. கிளம்புகிற நேரத்தில் எழுந்து நின்று, "ஒண்ணும் மனசுல வச்சுக்காதீக அண்ணே. தம்பி தெரியாமச் செஞ்சது. தொட்டியை நல்லா அலசி, சரளையை மாத்திருவோம். அடுத்த லோடுல இதைவிட நல்லதா ஒண்ணு நானே கொண்டாறேன்" என்றார்.

கட்டில் கம்பியில் சத்தம் கேட்டது. டக், டக். கொஞ்சம் விட்டு மறுபடி, டக், டக்.

ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தட்டல் அது. என் கை பழக்கத்தில் அலமாரிமேல் இருந்த டம்ளருக்குப் போய்விட்டது.

"தண்ணி இல்லைங்க" என்றாள் மனைவி. "வேணாங்கிறாரு."

டம்ளரைப் பிடித்தபடியே நின்றேன். இறாலை அள்ளி அள்ளிப் போட்டபோது தட்டியதும் அதுதான். சன்னலை மூடியபோது தட்டியதும் அதுதான். நீல முடிச்சைப் பார்த்துக் கட்டில் அதிரத் தட்டியதும் அதே ஒரு வார்த்தைதான். ஐந்து மாதமாக அவர் என்னிடம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், வாழ்நாளில் பேசியதைவிட அதிகமாகவே பேசியிருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொடுத்தேன். வேறு வழியில்லாமல், நான் கொடுத்த தண்ணீரை ஒவ்வொரு தடவையும் அவர் குடித்திருக்கிறார்.